என் கால் மேல் விழுந்த பழி

சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மறுபடி திருப்பினேன். அதே 'டிக்'.

மார்கழி விடியல். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் பாதி வாசல்களில் கோலம் முடிந்திருந்தது, மீதி வாசல்களில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வீங்கிய கால்களைச் செருப்புக்குள் நுழைக்க முடியாமல் செருப்பின் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது தடவை. 'டிக்.'

"க்ளட்ச்ச மிதிச்சியா?" என்றார்.

அப்படி ஒரு கோபம் வந்தது எனக்கு. "மிதிச்சேன். உங்க தலையில மிதிக்காம விட்டேன்லா, அதுக்குச் சந்தோசப்படுங்க" என்றேன். எதிர்வீட்டு லட்சுமி கோலம் போடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும். இருபத்தெட்டு வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். என் கோபம் இந்த ஊருக்குப் புதிதில்லை.

ஏழு மணி என்றால் ஏழு மணி

அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது.

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தம் செய்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் ராஜபாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலை ஏழு மணிக்கு மெஷினில் போட்டால் பதினொரு மணிவரை நாலு மணி நேரம் ஓடும். அடுத்து அதே மெஷினுக்குத் தேவதானத்திலிருந்து ஒரு விவசாயி வந்து காத்திருப்பார். அவரும் நம்மைப் போலத்தான், அவர் நேரத்தைப் பிடுங்க முடியாது. நாம் முக்கால் மணி தாமதமாகப் போனால் நம்முடைய நாலு மணி நேரத்தில் முக்கால் மணி போயிற்று.

முக்கால் மணிதானே என்று நீங்கள் நினைக்கலாம். அந்த முக்கால் மணியில் வெளியேற வேண்டிய தண்ணீர் அவர் உடம்பிலேயே நிற்கும். அடுத்த இரண்டு நாளும் படுக்க முடியாது. சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடி, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைக்கிற மாதிரி இறைப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பேன். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பஸ்ஸில் போகலாமே, ஆட்டோவில் போகலாமே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். போய்ப் பார்த்தவர்கள் யார்? டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும்போது அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கி, கண் இருட்டும். சாய்ந்து படுத்துக்கொண்டு வர வேண்டும். ஆட்டோவில் ஒரு தடவை கூட்டிவந்து, அவர் என் மடியிலேயே வாந்தி எடுத்து, அன்றைக்கே அந்த எண்ணத்தை விட்டேன். எங்கள் காரில் முன் சீட் நன்றாகச் சாயும். பழைய வெள்ளை டீசல் கார், எங்கள் மகளைவிட ஒரு வயதுதான் சின்னது. மகள் கல்யாணமாகி வடக்கே போய்விட்டாள். கார் எங்களோடு இருந்தது.

அந்த மார்கழி விடியலில் லட்சுமியின் வீட்டுக்காரர், பால்காரர், பேப்பர் போடுகிறவர் என்று ஐந்து பேர் சேர்ந்து தள்ளினார்கள். "ஆடிப்பூரத் தேருக்குக்கூட இம்புட்டு சீக்கிரம் ஆள் சேராதுக்கா" என்றார் பால்காரர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெருமுனை திரும்பும்போது இரண்டாவது கியரில் க்ளட்ச்சை விட, இஞ்சின் இருமிக்கொண்டு எழுந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது ஏழே முக்கால்.

ஐம்பது வயதில் 'எல்' போர்டு

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே அவர் உடம்பு முடியாமல் விழுந்த பிறகுதான். அதற்கு முன்னால் இருபது வருஷம் அந்தக் காரில் என் வேலை, டேஷ்போர்டு பிள்ளையாருக்குப் பூ வைப்பது மட்டும்.

கற்றுக்கொடுத்ததும் அவர்தான். கற்றுக்கொடுத்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், உண்மையில் கத்தினார். "ஏட்டி செண்பகம், க்ளட்ச்ல இருந்து காலை எடு! அது என்ன கால் வைக்கிற பலகையா?" இதை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. லைசென்ஸ் வாங்கிய பிறகும் நிற்கவில்லை. நான் ஓட்டும்போது அவர் ரோட்டைப் பார்க்க மாட்டார். என் இடது காலையே பார்த்துக்கொண்டு வருவார். உடம்பு எவ்வளவு முடியாமல் இருந்தாலும் கண் அங்கேதான்.

அந்த வருஷம் கார்த்திகையில் முதல் தடவையாக ஸ்டார்ட்டர் போயிற்று. அதே மாதம் க்ளட்ச் கேபிளும் அறுந்தது. மார்கழியில் இரண்டாவது கேபிள் அறுந்தது. எங்கள் ஊர் மெக்கானிக் குருசாமி, அறுந்த கேபிளை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டி, என்னிடம் பேசாமல் அவரிடம் பேசினான்.

"அண்ணாச்சி, பொம்பளையாளுக வண்டி ஓட்டுனா க்ளட்ச் இப்படித்தான் போவும். காலைத் தூக்கவே மாட்டாவ."

என் வீட்டுக்காரர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தலையை ஆட்டினார். "நானும் சொல்லிக்கிட்டேதாம்ப்பா இருக்கேன்" என்றார்.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து, உப்பில்லாமல் பொங்கி, அளந்து தண்ணீர் கொடுத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் லாரிகளுக்கு நடுவில் ஓட்டிக்கொண்டு போய், திரும்பக் கூட்டிவருகிறவள் நான். என் காலை இரண்டு ஆண்பிள்ளைகள் நடுத்தெருவில் வைத்து விசாரணை செய்கிறார்கள். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து என் இடது காலை நானே பார்த்துக்கொண்டேன். ஒருவேளை நான்தானோ என்று ஒரு சந்தேகம் உள்ளே விழுந்துவிட்டது. அதற்காகத்தான் அவர்களை மன்னிக்கவே முடியவில்லை.

பச்சை இஞ்சின்

இங்கே ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் முப்பது வருஷம் ஆலங்குளத்துப் பக்கம் ஆலையில் ஃபிட்டர். ஆலையில் ஆயுத பூஜை என்றால் பொரிகடலையும் சந்தனப் பொட்டும் மட்டும் அல்ல. ஒரு வாரத்துக்கு முன்பே மெஷின்களைத் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, புதுப் பச்சை பெயிண்ட் அடித்துவிடுவார்களாம். பூஜையன்று மெஷின் புதிதாக நிற்க வேண்டும். பெயிண்ட் அடிக்காத மெஷினுக்கு மாலை போடுவது, குளிப்பாட்டாத மாப்பிள்ளைக்கு மாலை போடுவதுபோல என்பார்.

ஆலையை விட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. வீட்டு மோட்டாருக்குப் பச்சை. கிரைண்டரின் அடிச்சட்டத்துக்குப் பச்சை. என் தையல் மெஷினுக்கும் அடிக்க வந்தவரைத் துடைப்பக்கட்டையோடு துரத்தியிருக்கிறேன்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு முதல் நாள், காரின் பானெட்டைத் திறந்துவைத்து, ஒரு முக்காலியில் உட்கார்ந்து, அரை நாள் இஞ்சினுக்குப் பெயிண்ட் அடித்தார். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ஃபிஸ்டுலா போட்ட பக்கம் வலிக்கும், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூச்சு இளைக்கும். "எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று கத்தினேன். "ஓட்டத்தான் முடியல. இதாவது செய்யுதேன், விடு" என்றார். சாயங்காலம் பார்த்தால் இஞ்சின் கிளிப்பச்சையில் மின்னியது. ஒரு போல்ட் விடாமல் கழற்றித் துடைத்து அடித்திருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

திருடன் என்றேன்

ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பார்த்தது ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிற மீரான். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாத மனிதர். முதல் தடவை கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்று மாற்றினார். மூன்று வாரத்தில் மறுபடி 'டிக்'. அப்போது சாலினாய்டு கருகிவிட்டது என்று அதையும் மாற்றினார். நடுவில் பேட்டரியும் புதிது போட்டாயிற்று. தை பிறந்ததும் உள்ளே கம்பிச்சுருளே வெந்துபோயிற்று.

அதற்குள் எத்தனை நாள் தாமதம், எத்தனை முக்கால் மணி. கால் வீக்கம் முட்டிவரை ஏறியிருந்தது. "நேரத்துக்கு வரலைன்னா நாங்க என்னம்மா செய்ய முடியும்?" என்று நர்ஸ் கேட்டாள். அந்தக் கோபத்தோடு நேரே மீரான் கடைக்குப் போனேன்.

மீரான் கழற்றிய மோட்டாரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா, வேற ஸ்டார்ட்டர் மாட்டித் தாரேன். ஆனா கோளாறு இதுல இல்லேன்னு தோணுது. வேற எங்கயோ இருக்கு. ஒரு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க, ஒயரிங் பூரா பாத்துருதேன்."

"ஒரு நாளா? மெஷின்ல இருந்து எறங்குனதும் அவியள உம்ம தலையிலயா தூக்கிட்டுப் போவீரு?"

"முறை இல்லாத நாளாப் பாத்து..."

"எனக்குத் தெரியும்யா. விட்டுட்டுப் போனா, இருக்கிற நல்ல சாமானையும் உருவிட்டுப் பழசை மாட்டுவீரு. மூணு மாசமா அதத்தான செஞ்சிருக்கீரு. திருட்டுப் பொழப்பு!"

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். எதிரே டீக்கடையில் இன்னும் பத்துப் பேர். மீரானின் முகம் இறுகியது. வேறு ஸ்டார்ட்டரை மாட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நன்றாகக் கேட்டேன் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

தொட்டுப் பாருங்க

மாசியில் ஒரு நாள். அதிசயமாக ஏழுக்குப் பத்து நிமிஷம் முன்பே ஆஸ்பத்திரி சேர்ந்து, அவரை உள்ளே விட்டுவிட்டு, காரை ஓரமாக நிறுத்தலாம் என்று வந்து சாவியைத் திருப்பினால், 'டிக்'. பின்னால் ஆம்புலன்ஸ். காவலாளி, "யம்மா, வண்டியை எடுங்க, வண்டியை எடுங்க" என்று கத்துகிறார். நான் என்ன இடுப்பிலா தூக்கிவைப்பேன்? நாலு பேர் சேர்ந்து சுவரோரம் தள்ளினார்கள். உள்ளே ஆம்புலன்ஸில் யாரோ ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டது.

நாலு மணி நேரம் இருந்தது. வேறு யாரையும் எனக்குத் தெரியாது. ஒரு ஆட்டோவைப் பிடித்து மீரான் கடைக்குப் போனேன்.

அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "வாங்கக்கா. திருடன் கடையத் தேடி வந்திருக்கீங்க."

"நான் சொன்னது தப்பு தம்பி. என்ன வேணாலும் ஏசுங்க, கேட்டுக்கிடுதேன். ஆனா பதினொரு மணிக்கு அவிய வெளிய வரும்போது நிக்கத் தெம்பிருக்காது. வண்டி எந்திரிக்கணும்."

டீயைக் குடித்து முடித்தார். "நீங்க ஏசுனது எனக்குப் பெரிசில்லக்கா. எங்க அத்தா உள்ள இருந்து கேட்டுட்டாரு. அவரு ஆரம்பிச்ச கடை. ரெண்டு நாளு எங்கிட்ட பேசல. நெசமாவே நான் ஏதோ பண்ணிட்டேன்னு நெனச்சிட்டாரு."

மீரான் பையை எடுத்துக்கொண்டு பைக்கை உதைத்தார்.

ஆஸ்பத்திரிக்கு வந்து பானெட்டைத் திறந்தார். என்னைச் சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். 'டிக்'. மறுபடி. மறுபடி. பிறகு, "இங்க வாங்க. இந்தக் கம்பியத் தொட்டுப் பாருங்க" என்றார்.

தொட்டேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். சுட்டுவிட்டது. இஞ்சின் ஓடவே இல்லை, கம்பி மட்டும் தோசைக்கல்லாகக் கொதித்தது.

"இது என்ன கம்பின்னு தெரியுதா?"

"தெரியலையே."

"க்ளட்ச் கேபிள்."

பையிலிருந்து தடித்த ஒயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியிலும் மறுமுனையை இஞ்சினில் பெயிண்டைச் சுரண்டிய ஒரு போல்ட்டிலும் பிடித்துக்கொண்டு, "இப்பத் திருப்புங்க" என்றார். திருப்பினேன். ஒரே சுற்று. இஞ்சின் எழுந்துவிட்டது.

"ஸ்டார்ட்டர் நல்லாத்தான் இருக்கு. எர்த்து இல்ல. பேட்டரில இருந்து ஸ்டார்ட்டருக்குப் போற கரண்டு திரும்பி வரணும்லா? வாய்க்கால் அடைச்சுக் கெடந்தா தண்ணி கெடைச்ச சந்து வழியாத்தான வரும்? அது மாதிரி க்ளட்ச் கேபிள் வழியா வந்திருக்கு. கம்பி சூடேறிச் சூடேறி இத்துப்போய் அறுந்திருது. ஸ்டார்ட்டருக்கும் வேண்டிய கரண்டு இல்லாம முக்கி முக்கி வெந்துபோவுது."

இஞ்சினையும் பாடியையும் சேர்க்கிற எர்த்துப் பின்னல் பட்டை ஒன்றைக் கழற்றினார். போல்ட் உட்கார்கிற இடத்தை எனக்குக் காட்டினார். இரும்பு தெரிய வேண்டிய இடத்தில் பளபளவென்று கிளிப்பச்சை. அந்தப் பக்கமும் பச்சை. அடித்து, காயவைத்து, இன்னொரு கோட்டும் அடித்து, அதன்மேல் பட்டையை மாட்டி முறுக்கியிருந்தது. போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் தொட்டுக்கொண்டிருந்ததும் நாளாக ஆகத் துருவேறி அற்றுப்போயிருக்கிறது.

"இம்புட்டுப் பச்சையப் பாத்ததுமே எனக்குத் தோணிருக்கணும். எம்மேலயும் தப்பு இருக்கு" என்றார் மீரான். "யாருக்கா அடிச்சது?"

அவர் உப்புத்தாள் எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். உதிர்ந்த பெயிண்ட் சில்லு ஒன்றைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு நேரே உள்ளே போனேன்.

ரெண்டு கோட்டு

அவர் மெஷினில் படுத்திருந்தார். முடிய அரை மணி இருந்தது. கையை நீட்டினேன். "இது என்ன?"

"பெயிண்டு." உற்றுப் பார்த்தார். "நம்ம பெயிண்டு. உரிஞ்சிருச்சா?"

"உரியல. உப்புத்தாள் போட்டுத் தேய்க்குதாரு மீரான்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஃபிட்டருக்கு எர்த்து என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பாதியிலேயே புரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார். "ரெண்டு கோட்டு அடிச்சேன்" என்றார்.

"அடிச்சீங்க. நல்லா அடிச்சீங்க! எத்தனை நாளு மூச்சு விட முடியாம உக்காந்திருந்தீங்க? பக்கத்துல உக்காந்து, இந்தா போயிருமோ, இந்தா போயிருமோன்னு செத்துப் பொழச்சேனே, அதுக்கு யாரு பதில் சொல்லுவா? அதுல க்ளட்ச்ச மிதிச்சியா க்ளட்ச்ச மிதிச்சியான்னு கேள்வி வேற!"

"அம்மா, மெதுவா பேசுங்க, பி.பி. ஏறிரும்" என்றாள் நர்ஸ்.

"ஏறட்டும்! சொல்லுங்க, கேபிள் அறுந்தது என்னாலயா?"

அவர் கூரையைப் பார்த்தார். "கேபிளும் பழசுதான்" என்றார்.

கேட்டீர்களா? புதிதாகப் போட்டு ஒரு மாதத்தில் அறுந்த கேபிள். பழசாம். பக்கத்துப் படுக்கைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்தேன். கோபத்தில்தான் அழுதேன், வேறு எதற்கும் இல்லை.

வழியில் ஒரு நிறுத்தம்

பதினொரு மணிக்கு அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து சீட்டைச் சாய்த்துப் படுக்கவைத்தேன். சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்று. வீட்டுக்குப் போகிற பக்கம் திரும்பாமல் தென்காசி ரோட்டில் திரும்பினேன்.

"எங்க போற?"

"சும்மா வாங்க."

மீரான் கடை முன்னால் நிறுத்தினேன். இஞ்சினையும் அணைத்தேன். மீரானைப் பெற்ற அத்தா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, கண்ணில் தடித்த கண்ணாடி. அன்றைக்கு நின்ற அதே ஆட்கள் டீக்கடையில் நின்றார்கள். நல்லது என்று நினைத்துக்கொண்டேன். திருடன் என்று சத்தமாகச் சொன்னவள் இதையும் சத்தமாகத்தான் சொல்ல வேண்டும்.

"பெரியவரே, போன மாசம் உங்க மகன இந்த எடத்துல நின்னு திருடன்னு சொன்னது நாந்தான். அது பொய். கோளாறு எங்க வீட்டுல. அவரு அன்னிக்கே ஒரு நாள் வண்டியை விடுங்கன்னு கேட்டாரு, நாந்தான் விடல. எனக்குப் புத்தி இல்ல. நீங்க மனசுல வச்சுக்கிடக் கூடாது."

பெரியவர் எழுந்து வெளியே வந்தார். காருக்குள் படுத்திருந்தவரைக் குனிந்து பார்த்து, "உடம்புக்கு எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் சீட்டிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. படுத்தபடியே, பஞ்சு ஒட்டிய கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

"அண்ணாச்சி, தப்பு எம்மேல. நான் அடிச்ச பெயிண்டு. உங்க மகன் மேல ஒரு குத்தமும் கெடையாது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இவ கால் மேலயும் ஒரு குத்தமும் கெடையாது. இவ நல்லாத்தான் ஓட்டுதா."

முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம், நடுரோட்டில், இதைச் சொல்ல முடிகிறது. கட்டிய பெண்டாட்டி நேருக்கு நேர் கேட்டால் கேபிள் பழசு. என் முகத்தைப் பார்த்துச் சொன்னால் வாய் வெந்துவிடுமா? நான் ஏறி உட்கார்ந்து, க்ளட்ச்சை மிதித்து, சாவியைத் திருப்பினேன்.

ராஜபாளையம் ஊரைத் தாண்டும்வரை ஏசிக்கொண்டேதான் வந்தேன். திரும்பிப் பார்த்தேன். என் காலைப் பார்த்துக்கொண்டு வருகிற மனிதர், கண்ணை மூடி, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஓட்டி அவர் தூங்கியது அதுதான் முதல் தடவை. இவ்வளவையும் பண்ணிவிட்டு எப்படித்தான் தூக்கம் வருகிறதோ என்று அதற்கும் ஒரு பாட்டம் ஏசினேன், கொஞ்சம் சத்தத்தைக் குறைத்து.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். எழுப்ப மனம் வரவில்லை. நானும் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். நின்ற காரில் இரண்டு பேரும் அசையாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, லட்சுமி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். பின்னாலேயே அவள் வீட்டுக்காரரும் வந்தார்.

"என்னக்கா, தள்ளணுமா?"

"வேண்டாம்டி. மெதுவாப் பேசு. அவிய தூங்குதாவ" என்றேன்.